ஓய்வுக் காலக் கணக்கும் வரித் தேதிகளும்: கடலூரிலிருந்து ஒரு வழிகாட்டி

திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீட்டுச் சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில் தொங்கும் மாதக் காலண்டரில், பால் வராத நாளும் சிலிண்டர் மாற்றிய தேதியும் என் மனைவியின் கையெழுத்தில் இருக்கும். அவற்றுக்கு நடுவே சிவப்பு மையில் நான் எழுதிய சில தேதிகளும் இருக்கும். தொழிற்சாலைக் கணக்குப் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்து, உடன் பணியாற்றியவர்கள் ஒவ்வொருவராக ஓய்வு பெறுவதைப் பார்த்தவன் என்ற முறையில் ஒன்றை உறுதியாகச் சொல்வேன். அவர்களில் பெரும்பாலோர் பணத்தை இழந்தது, தவறான திட்டத்தில் போட்டதனால் நேர்ந்ததைவிடச் செய்ய வேண்டியதை உரிய தேதிக்குள் செய்யாமல் விட்டதனாலேயே அதிகம். ஆகவே இந்தக் கட்டுரையில் ஓய்வுக் காலச் சேமிப்பையும் வரித் தேதிகளையும் ஒரே கணக்காக வைத்துச் சொல்கிறேன். தனியார் நிறுவனத்தில் வேலை பார்த்து 58 வயதில் ஓய்வு பெறுபவரை மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறேன். அரசு ஊழியர்களுக்கும் இதில் பாதிக்கு மேல் பொருந்தும்.

முதலில் பெயரைச் சரிசெய்யுங்கள்

சேமிப்பைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே இதைச் சொல்லக் காரணம், நம் ஊரில் ஓய்வுப் பணம் தாமதமாவதற்கு நான் கண்ட முதற்காரணம் இன்ஷியல்தான். ஆதார் அட்டையில் பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்தாக இருக்கும் தகப்பனார் பெயர், பான் அட்டையில் விரிந்து முழுப்பெயராகிவிடும். ஏனென்றால் பான் விண்ணப்பத்தில் குடும்பப் பெயருக்கான இடத்தில் வெறும் இன்ஷியலை ஏற்க மாட்டார்கள். வருங்கால வைப்பு நிதிப் பதிவிலோ, முப்பது ஆண்டுகளுக்கு முன்பு வேலையில் சேர்ந்த அன்று அலுவலக எழுத்தர் எப்படி எழுதினாரோ அப்படியே நிற்கும். வங்கிப் புத்தகத்தில் நான்காவதாக ஒரு வடிவம் இருக்கும். இவை நான்கும் ஒரே மனிதர்தான் என்பது தெருவில் எல்லாருக்கும் தெரியும், கணினிக்குத் தெரியாது.

என் சொந்தப் பதிவிலேயே பிறந்த தேதியில் நாளும் மாதமும் இடம் மாறியிருந்தன. ஓய்வு பெறுவதற்கு நான்கு மாதங்களுக்கு முன்புதான் அதைக் கவனித்தேன். திருத்தி முடிக்க ஐந்து மாதங்கள் ஆயின. கணக்குப் பிரிவில் இருந்த எனக்கே இது நேர்ந்தது என்பதால்தான் மற்றவர்களிடம் இதை இவ்வளவு வற்புறுத்திச் சொல்கிறேன். நிறுவனத்தோடு சேர்ந்து கூட்டு உறுதிமொழி கொடுத்துத் திருத்த வேண்டிய விவரங்களை, நிறுவனம் இயங்கிக்கொண்டிருக்கும்போதே, கையெழுத்திட அதிகாரி ஒருவர் இருக்கும்போதே திருத்திக்கொள்ளுங்கள். மூடப்பட்ட ஆலையின் தொழிலாளர்கள் கையெழுத்துக்காக அலைந்ததைப் புதுச்சேரியிலும் கடலூரிலும் வேண்டிய அளவு பார்த்துவிட்டோம்.

இதற்கு 50 வயதில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்குங்கள். ஆதார், பான், வைப்பு நிதிக் கணக்கு, வங்கிப் புத்தகம் நான்கையும் மேசையில் வரிசையாக வைத்து, பெயர், பிறந்த தேதி, தகப்பனார் பெயர் மூன்றையும் எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். பானும் ஆதாரும் இணைந்திருக்கின்றனவா என்பதையும் வருமான வரித் துறையின் இணையதளத்தில் அன்றே பார்த்துவிடுங்கள். இணைக்காமல் செயலிழந்த பான் எண் இருந்தால் வட்டியில் 10 சதவீதத்துக்குப் பதில் 20 சதவீதம் பிடிப்பார்கள். வரி பிடிக்க வேண்டாம் என்று நீங்கள் கொடுக்கும் உறுதிமொழியும் செல்லாது. வைப்பு நிதிக் கணக்கில் நியமனதாரர் (நாமினி) பெயரை இணையம் வழியாகப் பதிவுசெய்ய வேண்டியதும் அன்றைக்கே செய்யக்கூடிய வேலைதான். திருமணத்துக்கு முன்பு தாயார் பெயரைக் கொடுத்துவிட்டுப் பிறகு மாற்றாமலே விட்டவர்கள் ஏராளம்.

எவ்வளவு வரும், எவ்வளவு வேண்டும்

வைப்பு நிதியோடு சேர்ந்த தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தின்படி (இபிஎஸ்), குறைந்தது 10 ஆண்டுகள் பணி செய்தவருக்கு 58 வயதில் ஓய்வூதியம் கிடைக்கும். ஓய்வூதியத்துக்குரிய சம்பளத்தைப் பணி ஆண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுத்தால் வருவது மாத ஓய்வூதியம். இதில் பலரும் ஏமாறும் இடம் சம்பள உச்சவரம்பு. கையில் எவ்வளவு சம்பளம் வாங்கினாலும், பெரும்பாலானவர்களுக்கு இந்தக் கணக்கில் சேர்வது 15,000 ரூபாய் மட்டுமே. 2014 செப்டம்பருக்கு முந்தைய பணிக்காலத்துக்கு 6,500 ரூபாய்தான். 1996இல் வேலைக்குச் சேர்ந்து 2026இல் ஓய்வு பெறும் ஒருவருக்கு, 20 ஆண்டுக்கு மேல் பணி செய்ததற்காகக் கூட்டித் தரப்படும் 2 ஆண்டுகளையும் சேர்த்தாலும், மாத ஓய்வூதியம் 5,000 ரூபாய்க்குள்ளேயே நின்றுவிடுகிறது. முப்பது ஆண்டு உழைப்புக்கு இதுதானா என்று கேட்டவர்களுக்கு என்னிடம் பதில் இருந்ததில்லை. ஆனால் இந்தத் தொகை 58 வயதில் தெரியவருவதற்கும் 45 வயதில் தெரியவருவதற்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரியது.

ஒரு கணக்கை முழுமையாகப் போட்டுப் பார்ப்போம். சிப்காட் தொழிற்சாலை ஒன்றில் 30 ஆண்டுகள் பணியாற்றியவருக்குக் கடைசி அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து 30,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதை 15ஆல் பெருக்கி, 26ஆல் வகுத்து, 30 ஆண்டுகளால் பெருக்கினால் பணிக்கொடை (கிராச்சுவிட்டி) ஏறத்தாழ 5,19,000 ரூபாய் வரும். 20 லட்சம் வரை இதற்கு வரி கிடையாது. வைப்பு நிதியில் 18 லட்சம் சேர்ந்திருக்கிறது என்றால் மொத்தம் 23 லட்சம் ஆகிறது. இதை அப்படியே மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 8.2 சதவீதத்தில் போட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 47,150 ரூபாய், அதாவது மாதம் 15,700 ரூபாய் அளவில் வட்டி கிடைக்கும். ஓய்வூதியத்தையும் கூட்டினால் 20,000 ரூபாயைச் சற்றுத் தாண்டும். வீட்டுச் செலவு மாதம் 30,000 ரூபாய் ஆகும் குடும்பத்தில், மாதந்தோறும் 10,000 ரூபாய்க்கு அருகில் துண்டு விழுகிறது.

இந்தத் துண்டை அடைக்க அதே வட்டியில் இன்னும் 14 லட்சம் ரூபாய் வேண்டும். பொது வருங்கால வைப்பு நிதியில், இப்போதைய 7.1 சதவீத வட்டி நீடிக்கும் என்று வைத்துக்கொண்டால், மாதம் 8,000 ரூபாயை 10 ஆண்டுகள் போட்டால் அது 14 லட்சத்தை நெருங்கும். மாதம் 5,000 ரூபாயை 15 ஆண்டுகள் போட்டாலோ 15 லட்சத்தைத் தாண்டிவிடும். அந்தக் கணக்கின் காலமே 15 ஆண்டுகள் என்பதால் 42, 43 வயதில் தொடங்குவது நல்லது. மாதத்தின் 5ஆம் தேதிக்குள் பணம் கட்டினால்தான் அந்த மாத வட்டி சேரும் என்பதையும் நினைவில் வையுங்கள். சம்பளம் 7ஆம் தேதி வருகிறவர்கள் முந்தைய மாதப் பணத்திலிருந்து கட்டப் பழகிக்கொள்ள வேண்டும்.

இதிலும் விலைவாசி இன்னும் சேரவில்லை. ஆண்டுக்கு 6 சதவீதம் விலை ஏறினால் 12 ஆண்டுகளில் செலவு இரட்டிப்பாகும். 58 வயதில் 30,000 ரூபாயாக இருந்த செலவு 70 வயதில் 60,000 ரூபாயாகும். வட்டி வருமானம் அப்படி ஏறாது. ஆகையால் வேலையில் இருக்கும்போதே, ஓய்வுக்குப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துத்தான் தொடப்போகிறோம் என்று தனியாக ஒரு தொகையை ஒதுக்குவதை நான் வலியுறுத்துவேன். மருத்துவக் காப்பீட்டையும் நிறுவனக் காப்பீடு முடிவதற்குச் சில ஆண்டுகள் முன்பே சொந்தப் பெயரில் எடுத்துவிட வேண்டும், ஏனெனில் ஏற்கெனவே உள்ள நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் உண்டு. பெரிய நோய்க்கு ஜிப்மர் இருக்கிறது என்று நாமெல்லாரும் நம்பியிருக்கிறோம். அந்த நம்பிக்கை நியாயமானதே என்றாலும், ஜிப்மருக்குப் போய்வரும் செலவும் உடனிருப்பவர் செலவும் நம்முடையவை.

பணம் கைக்கு வந்த பிறகு மூன்று மாதங்கள்

மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் 60 வயதானவர்களுக்கானது. 55க்கும் 60க்கும் இடைப்பட்ட வயதில் ஓய்வு பெற்றவரும் சேரலாம். ஆனால் ஓய்வுக்காலப் பணம் கைக்கு வந்த மூன்று மாதங்களுக்குள் சேர வேண்டும், அந்தப் பணத்தின் அளவுக்கு மேல் போடவும் முடியாது. உச்சவரம்பு 30 லட்சம், காலம் 5 ஆண்டுகள். இந்த மூன்று மாதங்களைத் தவறவிட்டால் 60 வயது வரை காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளியில்தான் அதிக வட்டி தருவதாகச் சொல்லிப் பலர் வீட்டுக்கு வருவார்கள். வங்கி வைப்புக்கு, அசலும் வட்டியும் சேர்த்து ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. அஞ்சலகச் சேமிப்புக்கு அரசே பொறுப்பு. இரண்டும் இல்லாத இடத்தில் ஓய்வுப் பணத்தை வைக்காதீர்கள்.

வைப்பு நிதியை உடனே எடுக்காமல் விட்டுவைத்தாலும் மூன்று ஆண்டுகள் வரை வட்டி சேரும், ஆனால் வேலையை விட்ட பிறகு சேரும் வட்டிக்கு வரி உண்டு. இதைத் தெரியாமல் கணக்கில் காட்டாது விடுகிறவர்கள் பலர்.

இனி வரிப்பிடித்தம். மேலே போட்ட கணக்கைப் போலவே 23 லட்சம் போட்டிருந்த நண்பர் ஒருவரின் கணக்குப் புத்தகத்தை அச்சிட்டு வாங்கியபோது, 47,150 ரூபாய் இருக்க வேண்டிய இடத்தில் 42,435 ரூபாய் என்று இருந்தது. வட்டி குறைந்துவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டார். உண்மையில் 10 சதவீதம் வரிப்பிடித்தம் செய்யப்பட்டிருந்தது. 60 வயதுக்குட்பட்டவருக்கு ஆண்டு வட்டி 50,000 ரூபாயையும், 60 வயதானவருக்கு 1 லட்சத்தையும் தாண்டினால் பிடிக்க வேண்டும் என்பது 2025 ஏப்ரல் முதல் உள்ள விதி. அவருடைய ஆண்டு வருமானம் முழுவதையும் கூட்டினாலும் இரண்டரை லட்சம் ரூபாய்தான்; ஒரு ரூபாய்கூட வரி கிடையாது. ஏப்ரல் மாதத்தில் ஓர் உறுதிமொழிப் படிவம் கொடுத்திருந்தால் பிடித்திருக்கவே மாட்டார்கள். 60க்குட்பட்டவருக்கு 15ஜி, 60 ஆனவருக்கு 15எச் என்று நாம் அறிந்தது இதுதான். 1961ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்பதால் படிவ எண்ணும் பிரிவு எண்ணும் மாறுகின்றன. ஆகவே அஞ்சலகத்திலோ வங்கியிலோ எண்ணைச் சொல்லாமல், வரி பிடிக்க வேண்டாம் என்ற உறுதிமொழிப் படிவம் என்று கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு நிதியாண்டும் புதிதாகக் கொடுக்க வேண்டும், வைப்பு இருக்கும் ஒவ்வொரு இடத்திலும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். கொடுத்ததற்கு ஒப்புகை வாங்காமல் திரும்பாதீர்கள்.

காலண்டரில் சிவப்பு மை

பிடித்த வரியைத் திரும்பப் பெற ஒரே வழி வருமான வரிக் கணக்குத் தாக்கல்தான். அதற்கான முதன்மையான தேதி ஜூலை 31. சில ஆண்டுகளில் அரசு அதைத் தள்ளி வைத்திருக்கிறது, 2025இல் செப்டம்பர் வரை போனது; ஆனால் தள்ளி வைப்பார்கள் என்று காத்திருப்பது என்னைப் பொறுத்தவரை சரியான பழக்கமன்று. சம்பளத்தில் பிடித்த வரிக்கு நிறுவனம் தரும் சான்றான படிவம் 16 ஜூன் 15க்குள் வந்துவிடும். அதோடு, உங்கள் வருமானமும் பிடித்த வரியும் துறையின் பதிவில் எப்படி இருக்கின்றன என்று காட்டும் ஆண்டுத் தகவல் அறிக்கையையும் படிவம் 26ஏஎஸ்ஸையும் வருமான வரி இணையதளத்திலிருந்து இறக்கி, கணக்குப் புத்தகத்திலுள்ள வட்டியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஜூலை முதல் வாரத்தில் உட்கார்ந்தால் தவறு இருப்பது தெரிந்தாலும் திருத்த நேரம் இருக்கும். தாக்கல் செய்தபின் 30 நாட்களுக்குள் மின்னணு முறையில் சரிபார்க்காவிட்டால் உரிய காலத்தில் தாக்கல் செய்ததாகவே கொள்ளப்படாது. ஆதாருடன் இணைந்த கைபேசி எண் மகனிடம் வெளிநாட்டில் இருந்தால் இந்த இடத்தில்தான் சிக்கல் வரும்.

தவறவிட்டால் டிசம்பர் 31 வரை தாமதக் கணக்குத் தாக்கல் செய்யலாம். மொத்த வருமானம் 5 லட்சத்துக்கு மேல் இருந்தால் 5,000 ரூபாயும், அதற்குள் இருந்தால் 1,000 ரூபாயும் தாமதக் கட்டணம். வரி பாக்கியிருந்தால் மாதம் 1 சதவீத வட்டியும் உண்டு.

புதிய வரிமுறையில் 12 லட்சம் வரை வரி இல்லை என்பதைக் கேட்டுத் தாக்கலையே விட்டுவிடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது இது. அந்த 12 லட்சம் என்பது கழிவின் மூலம் வரி இல்லாமல் போகும் எல்லை. வருமானம் 4 லட்சத்தைத் தாண்டினாலே கணக்குத் தாக்கல் கட்டாயம். ஓய்வூதியத்திலிருந்து 75,000 ரூபாய் நிலைக்கழிவும் உண்டு என்பதால் பெரும்பாலான ஓய்வூதியர்களுக்குப் புதிய முறையே போதும். மூத்த குடிமக்களுக்கு வட்டியில் 50,000 ரூபாய்க் கழிவு, காப்பீட்டுத் தவணைக் கழிவு, 80 வயதானவர்களுக்கு 5 லட்சம் வரை வரிவிலக்கு ஆகியவை உள்ள பழைய முறை வேண்டுமென்றால், ஜூலை 31க்குள் தாக்கல் செய்தால்தான் அதைத் தேர்ந்தெடுக்க முடியும். தாமதமானால் புதிய முறைதான்.

60 வயதாகாதவர்களுக்கு, பிடித்தம் போக வரி 10,000 ரூபாயோ அதற்கு மேலோ பாக்கி வரும் என்றால், ஜூன் 15, செப்டம்பர் 15, டிசம்பர் 15, மார்ச் 15 ஆகிய நான்கு தேதிகளில் முறையே 15, 45, 75, 100 சதவீதம் என்று முன்கூட்டியே கட்டிவர வேண்டும். 60 ஆகி, தொழில் வருமானம் எதுவும் இல்லாதவருக்கு இந்தக் கடமை கிடையாது.

பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பு வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விவசாய வருமானத்துக்கு வரி இல்லைதான். ஆனால் அது 5,000 ரூபாயைத் தாண்டினால் ஐடிஆர்-1 என்ற எளிய கணக்குப் படிவத்தில் தாக்கல் செய்யக் கூடாது, ஐடிஆர்-2 வேண்டும். மனை விற்றவர்களுக்கும் அதே படிவம்தான். அதில் வரும் நீண்டகால மூலதன லாபத்துக்கு 12 லட்சக் கழிவு பொருந்தாது.

புயல் மாதங்களும் வீட்டிலுள்ளவர்களும்

மத்திய அரசு ஓய்வூதியர்கள் உயிர்வாழ் சான்றிதழ் கொடுக்க வேண்டிய மாதம் நவம்பர். 80 வயதானவர்கள் அக்டோபரிலேயே கொடுக்கலாம். தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் இருப்பவர்கள் எந்த மாதத்திலும் கொடுக்கலாம், கொடுத்த நாளிலிருந்து ஓராண்டு செல்லும். நம் கடற்கரைக்கு நவம்பரும் டிசம்பரும் எப்படிப்பட்ட மாதங்கள் என்று சொல்லத் தேவையில்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரை கடந்தபோது எங்கள் வீட்டு ஓடுகள் பறந்து, இரும்புப் பெட்டியிலிருந்த ஒப்புகைச் சீட்டுகளெல்லாம் நனைந்து மை கரைந்துபோயின. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் வந்தபோது புதுச்சேரித் தெருக்களில் படகு விட வேண்டியிருந்தது. ஆகவே தொழிலாளர் ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் இந்தச் சான்றிதழைக் கோடையிலேயே கொடுக்கும்படி மாதத்தை மாற்றிக்கொள்ளுங்கள். நவம்பரில்தான் கொடுத்தாக வேண்டியவர்கள், முகத்தைக் காட்டிக் கைபேசியிலேயே பதிவுசெய்யும் ஜீவன் பிரமாண் செயலியையோ, வீட்டுக்கு வந்து பதிவுசெய்யும் தபால்காரரையோ பயன்படுத்துங்கள். டிசம்பர் 31 வரை தாமதக் கணக்குக்கு இடம் உண்டு என்பதையும் இந்தக் காரணத்தாலேயே நான் கணக்கில் எடுப்பதில்லை; மின்சாரமும் இணையமும் இல்லாத பத்து நாட்கள் எந்த ஆண்டும் வரலாம்.

காகிதங்களைப் படியெடுத்து, அரசின் இணைய ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கரிலும், ஒரு பென்டிரைவிலும், உள்ளூரில் இல்லாத பிள்ளையிடம் ஒரு பிரதியாகவும் வையுங்கள். மூலங்களைப் பிளாஸ்டிக் உறையிலிட்டுப் பரணுக்குக் கீழே, தரையிலிருந்து உயரமான அலமாரித் தட்டில் வைப்பது என் வழக்கம். கூரை பெயர்ந்தாலும் வெள்ளம் புகுந்தாலும் நடுத்தட்டு தப்பும்.

இவற்றோடு ஒரு நோட்டு எழுதுங்கள். எந்த வங்கியில் எந்த எண்ணில் எவ்வளவு, எப்போது முதிர்வு, நியமனதாரர் யார், உறுதிமொழிப் படிவம் இந்த ஆண்டு கொடுத்தாயிற்றா என்பதை ஒரு கணக்குக்கு ஒரு பக்கமாக எழுதி, ஏப்ரலில் ஒருமுறை மனைவியோடு உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் படித்துவிடுங்கள். 2025 நவம்பர் முதல் வங்கிக் கணக்குக்கு நான்கு பேர் வரை நியமிக்கலாம் என்பதால் பழைய நியமனங்களையும் அப்போதே பார்த்துவிடலாம். கணவர் போன பிறகு அஞ்சலகத்தில் முதிர்ந்த கணக்கு ஒன்று ஆறு ஆண்டுகள் யாருக்கும் தெரியாமல் கிடந்த ஒரு வீட்டை எனக்குத் தெரியும். அந்த ஆறு ஆண்டும் அந்த அம்மாள் மருந்துக்குக் கடன் வாங்கிக்கொண்டிருந்தார்.

அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில், நமக்குப் பின் செய்ய வேண்டியவற்றை எழுதுங்கள். இறப்புச் சான்றிதழுடன் குடும்ப ஓய்வூதியத்துக்கு எங்கே விண்ணப்பிப்பது என்பதை எழுதுங்கள். அந்தக் குடும்ப ஓய்வூதியம் சம்பளமாகக் கருதப்படாமல் பிற வருமானமாகவே கருதப்படும் என்பதையும், அதில் மூன்றில் ஒரு பங்கு அல்லது புதிய முறையில் 25,000 ரூபாய், இவற்றில் குறைவானது கழியும் என்பதையும் எழுதுங்கள். இறந்தவர் உயிரோடிருந்த நாள் வரையிலான வருமானத்துக்கும் கணக்குத் தாக்கல் உண்டு. வருமான வரி இணையதளத்தில் சட்டப்படியான வாரிசாகப் பதிவுசெய்துகொண்டு அதை மனைவியோ பிள்ளையோ செய்ய வேண்டும், அதற்கும் தேதி அதே ஜூலை 31தான்.